டயட்டீசியன் படிப்பும் ஆஸ்பத்திரிப் பயிற்சியும்



நான் பிறந்து வளர்ந்தது பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில். வாழ்க்கைப்பட்டு வந்தது களுவாஞ்சிக்குடிக்கு. இங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மட்டக்களப்பு வாவி. குருமண்வெளித் துறையில் நின்று பார்த்தால் அக்கரையில் மண்டூர் தெரியும். மலையும் இல்லை, கொழுந்தும் இல்லை. ஆனாலும் என் மனசு பாதி லயத்தில்தான் கிடக்கிறது. காரணம், என் அக்கா இன்றைக்கும் அங்கேதான் மலைக்குப் போகிறாள்.

போன மாசம் அக்காவின் மகள் போன் பண்ணினாள். உயர்தரம் விஞ்ஞானப் பிரிவில் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளை.

"சித்தி, டயட்டீசியன் படிக்கலாமுன்னு இருக்கேன். கொழும்புல ஒரு எடத்துல ஆறு மாசத்துல டிப்ளோமா குடுக்கிறாங்களாம். ஆஸ்பத்திரிப் பயிற்சியும் இருக்குன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. அம்மா சங்கிலிய அடகு வைக்கிறேன்னு சொல்லுது. என்ன செய்யட்டும்?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. டயட்டீசியன் என்றால் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறவர் என்று தெரியும், அவ்வளவுதான். நல்ல வேளையாக எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு பிள்ளை இருக்கிறாள். தமிழ்நாட்டில் படித்து, அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு மாசம் பயிற்சி எடுத்து வந்தவள். இரண்டு மூன்று பின்னேரம் அவளோடு உட்கார்ந்து விசாரித்தேன். தெரிந்துகொண்டதை அக்கா மகளுக்கு மட்டும் சொல்லாமல், பிள்ளைகளைப் படிக்க வைக்கும் உங்கள் எல்லோருக்கும் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பிள்ளைக்கு ஏன் இந்த ஆசை வந்தது என்று சொல்ல வேண்டும். அக்காவுக்கு நாலைந்து வருசமாகச் சீனி வருத்தம். கிளினிக்கில் குளிசை கொடுத்திருந்தார்கள். அக்கா விடிய எழும்பி, சமைத்து வைத்துவிட்டு, வெறும் தேத்தண்ணியோடு குளிசையைப் போட்டுக்கொண்டு பிரட்டுக்குப் போய்விடுவாள். ரொட்டி சாப்பிடுவது பத்து மணிக்கு மேல், மலையில் வைத்து. ஒரு நாள் கூடையோடு சரிவில் மயங்கி விழுந்துவிட்டாள். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம். பக்கத்து நிரையில் நின்ற ஒருத்தி டொபியை வாயில் போட்டு எழுப்பியிருக்கிறாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்தபோது, அவ்வளவுக்குப் பிறகும் சீனி 70க்குக் கீழேதான் நின்றதாம்.

சீனி வருத்தக்காரருக்குச் சீனி கூடுவதுதான் ஆபத்து என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குறைவது அதைவிட அவசரமான ஆபத்து. கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட், டொல்பியூட்டமைட் என்கிற குளிசை வகை, வயிற்றில் சாப்பாடு இருக்கோ இல்லையோ, உடம்பில் இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். சாப்பிடாமல் போட்டுக்கொண்டு மலை ஏறினால் இரத்தத்தில் சீனி விழத்தான் செய்யும்.

அதற்கு முன்பே அக்காவிடம் சாப்பாட்டுத் துண்டு ஒன்று இருந்தது. எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் கொடுத்தது, போட்டோக் கொப்பி. காலையில் ஓட்ஸ், பதினொரு மணிக்கு ஒரு அப்பிள், மத்தியானம் சலாது, இரவு சூப். அதுவும் இங்கிலீஷில். அக்கா அதை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். அந்தத் துண்டில் எழுதியது எதுவும் பொய் இல்லை. ஆனால், "நீங்க எத்தனை மணிக்கு மலைக்குப் போறீங்க? குளிசைய எப்ப போடுறீங்க? மொதல்ல சாப்பிடுறது எப்ப?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த மூன்று கேள்வியைக் கேட்பதுதான் டயட்டீசியனுடைய வேலை. அதைப் புத்தகத்தில் படிக்க முடியாது, நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் பழக வேண்டும்.

டயட்டீசியனைத் தமிழில் உணவியல் நிபுணர் என்பார்கள். வருத்தத்தைக் கண்டுபிடித்து மருந்து எழுதுவது டாக்டர். மருந்தைக் கொடுத்து ஆளைப் பராமரிப்பது தாதி. இந்த வருத்தத்துக்கு, இந்த மருந்தோடு, இந்த ஆள் தன் வீட்டில் கிடைக்கிற சாமானில் என்ன சாப்பிடலாம், எவ்வளவு, எப்போது என்று கணக்குப் பார்த்துச் சொல்வது உணவியல் நிபுணர். சாப்பிட முடியாமல் கிடக்கிறவருக்குக் குழாய் வழியே என்ன போக வேண்டும் என்று தீர்மானிப்பதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

இந்தத் தொழிலுக்கும் தேயிலை மலைக்கும் ஒரு பழைய சம்பந்தம் இருக்கிறது. இந்தியாவில் சாப்பாட்டையும் வருத்தத்தையும் சேர்த்து ஆராய்ச்சி செய்யத் தொடங்கியது எங்கே தெரியுமா? நீலகிரியில், குன்னூரில். 1918இல் ரொபர்ட் மெக்காரிசன் என்கிற வெள்ளைக்கார டாக்டர் அங்கே பெரிபெரி வருத்தத்தை ஆராய ஒரே அறையில் வேலையைத் தொடங்கினார். தீட்டிய வெள்ளைப் பச்சரிசியையே நம்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு வரும் வருத்தம் அது. நெல்லை அவித்துக் குத்தினால் தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும், அதனால் புழுங்கலரிசிக்காரருக்கு அது குறைவு. பெரிபெரி என்கிற பேரே "முடியாது" என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அந்த ஒரு அறைதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. எந்தச் சாப்பாட்டில் எவ்வளவு சத்து என்று இந்திய டயட்டீசியன்மார் பார்க்கிற அட்டவணையின் முதல் பதிப்பு 1937இல் வந்தது. அதற்கான வேலையும் குன்னூர் மலையில்தான் நடந்தது.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். டாக்டர்மார் படித்து முடித்து ஒரு வருசம் உள்ளகப் பயிற்சி செய்வது உங்களுக்குத் தெரியும். உணவியல் நிபுணர்களுக்கும் அதுபோல ஒன்று உண்டு. இந்தியாவில் பட்டமும் அதன்மேல் டிப்ளோமாவோ முதுகலைப் பட்டமோ முடித்தவர்கள், ஆஸ்பத்திரியொன்றின் உணவியல் பிரிவில் ஆறு மாசம் பயிற்சி எடுத்து, பிறகு இந்திய உணவியல் சங்கம் நடத்தும் பரீட்சையில் தேறினால்தான் 'பதிவு பெற்ற டயட்டீசியன்' என்று போட்டுக்கொள்ளலாம். அந்தச் சங்கம் 1963இல் தொடங்கியது. அமெரிக்காவில் குறைந்தது 1,000 மணித்தியாலம் மேற்பார்வையில் வேலை செய்து காட்ட வேண்டும், 2024 தொடக்கம் முதுகலைப் பட்டமும் வேண்டும். இங்கிலாந்தில் பதிவு இல்லாமல் அந்தப் பட்டப்பேரைப் போட்டுக்கொள்வதே சட்டப்படி குற்றம். ஆறு மாச நோட்டீஸைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஒழுங்கைப் பிள்ளை முதல் நாளே வாட்டுக்குப் போகவில்லை. போட்டது சமையலறையில். "மாமி, எனக்குக் கண்ணீரே வந்திட்டு. எம்.எஸ்ஸி. படிச்சிட்டு வந்து அரிசி நிறுக்கிற வேலையா எண்டு" என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். நிறுத்த பிறகுதான் காரணம் விளங்கியதாம். 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் வரை சோறாகும். புத்தகத்தில் இருப்பது அரிசிக் கணக்கு, நோயாளி சாப்பிடுவது சோறு. இரண்டையும் மாற்றிப் பிடித்தால் சீனி வருத்தக்காரருக்கு மூன்று மடங்கு எழுதிக் கொடுத்துவிடலாம், அல்லது மூன்றில் ஒரு பங்கு கொடுத்துப் பட்டினி போடலாம். கரண்டி, அகப்பை, கோப்பை எல்லாவற்றையும் நிறுத்து நிறுத்து, கடைசியில் கண்ணால் பார்த்தே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாளாம்.

பெரிய ஆஸ்பத்திரிச் சமையலறை என்பது ஒரு தொழிற்சாலை மாதிரி. வழக்கமான சாப்பாடு, பல் இல்லாதவருக்கும் ஒப்பரேசன் செய்தவருக்கும் மெதுவான சாப்பாடு, கஞ்சிச் சாப்பாடு, உப்புக் குறைந்தது, சீனி வருத்தத்துக்கு, சிறுநீரக வருத்தத்துக்கு, நெருப்புச் சுட்ட காயக்காரருக்குப் புரதம் கூடியது என்று ஒரே நேரத்தில் பல வகை இறங்கும். தட்டு மாறினால் மருந்து மாறின மாதிரி. சூடான சாப்பாடு 60 பாகைக்கு மேலே, குளிரில் வைப்பது 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில் கிருமி பெருகும். பயிற்சிப் பிள்ளைகள் வெப்பமானியைக் குத்திப் பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

சமையலறையில் அவள் கற்ற இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. திரும்பி வருகிற தட்டைப் பார்ப்பது. யார் எதை மிச்சம் விட்டிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். எழுதிக் கொடுத்த சாப்பாடு எவ்வளவு சரியாக இருந்தாலும், அது வாளிக்குப் போனால் நோயாளிக்கு ஒன்றுமில்லை. மூன்று நாள் தொடர்ந்து பாதித் தட்டு திரும்பினால், அந்தக் கட்டிலுக்குப் போய் "ஏன்?" என்று கேட்பது பயிற்சிப் பிள்ளையின் பொறுப்பு. ஒரு கிழவருக்குக் கையில் ஊசி ஏற்றியிருந்ததால் பிசைந்து சாப்பிட முடியவில்லை, வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு கரண்டி மட்டும்தான்.

பிறகு வாட்டு. காலையில் போனதும் நோயாளியின் பெட்ஹெட் டிக்கெட்டை வாசிக்க வேண்டும். என்ன வருத்தம், என்ன மருந்து, இரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது, மலசலம் எப்படி. அதன்பின் ஆளை நிறுத்து, உயரம் அளக்க வேண்டும். எழும்பி நிற்க முடியாதவருக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எலும்பின் நீளத்தை அளந்து உயரத்தைக் கணக்கிடுகிற முறை இருக்கிறது. "முந்தி எவ்வளவு நிறை இருந்தீங்க?" என்று கேட்டால் நம்ம சனத்துக்குத் தெரியாது. அதனால் "சட்டை தொளதொளப்பாப் போச்சா? வளையல் கழண்டு விழுதா?" என்று கேட்கப் பழக வேண்டும். 50 கிலோ இருந்தவர் ஆறு மாசத்துக்குள் தானாகவே 45க்குக் கீழே இறங்கிவிட்டால், அதாவது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டால், அவர் பெரிய அபாயத்தில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் புயத்தைச் சுற்றி நாடா வைத்து அளப்பதை உங்கள் குடும்பநல உத்தியோகத்தர் செய்து பார்த்திருப்பீர்கள். ஆறு மாசம் தொடக்கம் ஐந்து வயசுக்குட்பட்ட பிள்ளைக்கு அந்தச் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் உடனே வைத்தியம் வேண்டும்.

அதற்குப் பிறகுதான் சாப்பாட்டுக் கதை. நேற்று விடிய எழும்பினதிலிருந்து படுக்கும் வரை வாயில் போட்டது எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் கேட்பது. இது லேசான வேலை மாதிரித் தெரியும். செய்து பாருங்கள். "என்ன சாப்பிட்டீங்க?" என்றால் "சோறு கறிதான்" என்று முடித்துவிடுவோம். தேத்தண்ணியை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. தோட்டத்தில் ஒரு நாளைக்கு ஆறு தேத்தண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு இரண்டு தேக்கரண்டிச் சீனி என்றால் பன்னிரண்டு தேக்கரண்டி. மட்டமாக அள்ளினாலே ஒரு தேக்கரண்டி 4 கிராம், ஆக 48 கிராம். நம்ம வீடுகளில் யார் மட்டமாக அள்ளுகிறார்கள்? இதைக் கோபப்படாமல், குற்றம் சாட்டுகிற தொனி வராமல், ஆளை வெட்கப்படுத்தாமல் கேட்டு எடுக்க வேண்டும். அவளுக்கு மேலாக இருந்த மூத்த டயட்டீசியன் பக்கத்தில் நின்று, அவள் கேட்கும் விதத்தைக் கவனித்து, பிறகு தனியாகக் கூப்பிட்டுத் திருத்துவாராம். "நீ கேள்வியிலேயே பதிலைச் சொல்லிக் குடுக்கிற. சீனி போடுறதில்லையேன்னு கேட்டா, இல்லன்னுதான் சொல்லுவாங்க. எத்தனை கரண்டி போடுவீங்கன்னு கேளு."

அவள் செய்த ஒரு பிழையையும் மறைக்காமல் சொன்னாள். டயலிசிஸ் செய்கிற ஒருவருக்கு, வெயில் காலம் என்று இரக்கப்பட்டு, "கலர்ச் சோடா குடிக்காதீங்க, இளநீர் குடிங்க" என்று சொல்லிவிட்டாள். சாதாரண ஆளுக்கு நல்ல புத்திதான். ஆனால் சிறுநீரகம் வேலை செய்யாதவரின் உடம்பில் பொட்டாசியம் என்கிற உப்பு வெளியேறாமல் தேங்கும். இளநீரில் அது நிறைய இருக்கிறது. அளவு மீறினால் நெஞ்சுத் துடிப்பே நின்றுபோகலாம். மூத்தவர் அந்தக் கணமே நோயாளியிடம் போய்த் திருத்திச் சொன்னார். பிறகு இவளை ஒரு வார்த்தை ஏசவில்லை, டயலிசிஸ் பிரிவிலேயே இரண்டு வாரம் கூடப் போட்டுவிட்டார். அங்கே மரக்கறியைச் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணியில் அவித்து, அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டுச் சமைப்பது எப்படி என்று நோயாளிகளின் மனைவிமாருக்குச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். மற்ற எல்லோருக்கும் "கீரை அவிச்ச தண்ணிய ஊத்தாதீங்க" என்று சொல்கிற வாயால், இவர்களுக்கு "ஊத்துங்க" என்று சொல்ல வேண்டும். அதனால்தான் அக்கம்பக்கத்தாரின் சாப்பாட்டுத் துண்டைக் கடன் வாங்கி நடக்கக் கூடாது.

இன்னொன்று கேட்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. நாட்கணக்காகச் சாப்பிடாமல் கிடந்து எலும்பும் தோலுமாக வருகிறவருக்கு, பாவம் என்று ஒரேயடியாக நிறையக் கொடுத்தால் ஆளே இறந்துபோகலாம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட பட்டினிக்காரர்கள் வயிறாரச் சாப்பிட்ட பிறகு இறந்ததைப் பார்த்துத்தான் டாக்டர்மார் இதைத் தீவிரமாகக் கவனிக்கத் தொடங்கினார்கள். பட்டினியில் சுருங்கிய உடம்புக்குத் திடீரென மாச்சத்து போனால், இரத்தத்திலிருக்கும் பொஸ்பரசும் பொட்டாசியமும் சட்டென்று உயிரணுக்களுக்குள் போய்விடும், இருதயம் தடுமாறும். அதனால் தொடக்கத்தில் கிலோவுக்கு 10 கலோரி அளவில், 40 கிலோ ஆளுக்கு நாளைக்கு 400 கலோரி மட்டும் கொடுத்து, இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். 400 கலோரி என்பது நம்ம வீட்டு ஒரு பெரிய தேங்காய் ரொட்டியும் ஒரு கோப்பைப் பாலும் மாதிரி. சாப்பாடு தொடங்குமுன் பி1 விற்றமினும் கொடுப்பார்கள். குன்னூரில் தேடிய அதே பெரிபெரிச் சத்துதான்.

கடைசி இரண்டு மாசம் கிளினிக்கும் கிராமமும். கிளினிக்கில் ஓர் ஆளுக்குப் பத்து நிமிசம் கிடைத்தால் பெரிய காரியம். அந்தப் பத்து நிமிசத்தில் பத்துப் புத்தி சொன்னால் ஒன்றும் நிற்காது. இரண்டு சொல்லி, அதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்து அனுப்ப வேண்டும். இங்கே எங்கள் களுவாஞ்சிக்குடிச் சனத்துக்கு வாவி மீனும் இறாலும் தயிரும் கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. தோட்டத்தில் அப்படி இல்லை. பருப்பு, முட்டை, கருவாடு, சோயா என்றுதான் கணக்குப் பார்க்க வேண்டும். கருவாட்டில் உப்பு கூட. பிரஷர்க்காரருக்கு அதை ஊறவைத்துக் கழுவச் சொல்ல வேண்டும், அப்போதும் அளவோடுதான். ஒரே நாட்டுக்குள்ளேயே இப்படி வித்தியாசம். அதனால்தான் நம்ம பிள்ளை ஒருத்தி இதைப் படித்தால் நல்லது என்று நான் நினைக்கிறேன். ரொட்டியும் சம்பலும் தெரிந்தவளுக்குத்தான் ரொட்டிக்காரியின் வருத்தம் புரியும்.

தேவையும் சும்மா இல்லை. 2016இல் நாடளாவிய ரீதியில் எடுத்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயசுக்குட்பட்ட பிள்ளைகளில் வயசுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் முழு நாட்டுக்கும் நூற்றுக்கு 17.3. தோட்டப்புறத்தில் மட்டும் 31.7. அதாவது மூன்று பிள்ளைகளில் ஒன்றுக்குக் கிட்ட. பெண்களின் இரத்தச்சோகை தனிக் கதை. அதற்கு ஒரு சின்ன விசயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சோற்றோடும் ரொட்டியோடும் சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், தேயிலையிலிருக்கும் துவர்ப்புச் சத்து சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சேர விடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கர்ப்பிணிகள் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கவே வேண்டாம், தேசிக்காய்த் தண்ணி நல்லது. நாம் பறிக்கிற கொழுந்தைக் குறை சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம், நேரத்தை மட்டும்தான் மாற்றச் சொல்கிறேன்.

இப்போது பாதை எது என்று பார்ப்போம். நம் நாட்டில், உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் படித்த பிள்ளைகளுக்கு வயம்ப பல்கலைக்கழகத்தில், மாக்கந்துர வளாகத்தில், உணவு விஞ்ஞானமும் போசாக்கும் என்கிற பட்டப்படிப்பு இருக்கிறது. எந்தப் பாடச் சேர்க்கை வேண்டும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைநூலில் பார்க்க வேண்டும். நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மாவட்டங்கள் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால் அவற்றுக்கென ஒதுக்கிய சிறு பங்கும் உண்டு. பட்டத்தோடு நின்றுவிடாமல், ஆஸ்பத்திரி வாட்டில் மேற்பார்வையோடு வேலை செய்ய எங்கே வாய்ப்புக் கிடைக்கும் என்று முதல் வருசத்திலிருந்தே விசாரித்துக்கொண்டு வருவது புத்தி.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்குப் பேர்போன இடங்கள் பல. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் பெண்கள் கல்லூரி 1957இல் தொடங்கி, பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே துணைவேந்தராக இருந்த ராஜம்மாள் தேவதாஸ் அம்மையார் சத்துணவுத் துறையில் பெரிய பேர் எடுத்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் உணவியல் பிரிவு, பட்டதாரிகளுக்கு வாட்டுப் பயிற்சி கொடுக்கும் இடங்களில் ஒன்று. இந்தியாவில் 2021இல் வந்த சட்டமொன்று உணவியல் நிபுணர்களையும் சுகாதாரத் தொழிலாளர் பட்டியலில் சேர்த்துப் பதிவுக்குக் கொண்டுவந்திருக்கிறது. இலங்கைப் பிள்ளைகளுக்கு இந்திய அரசாங்கம் புலமைப்பரிசில் கொடுக்கிறது. பட்டப்படிப்புக்கு நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில், முதுகலைக்கு மௌலானா ஆசாத் பேரிலானது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் இருக்கிறது. கொழும்பு இந்திய உயர் ஸ்தானிகராலயமும் கண்டி உதவி உயர் ஸ்தானிகராலயமும் பத்திரிகையில் அறிவித்தல் போடும்போது தவறவிடாதீர்கள்.

அந்த நோட்டீஸ் விசயத்துக்கு வருகிறேன். எங்கள் ஒழுங்கைப் பிள்ளை சொன்னபடி, அக்கா மகளை அந்த இடத்துக்குப் போன் பண்ணி நாலு கேள்வி கேட்கச் சொன்னேன். பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், அந்த ஆஸ்பத்திரி எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறதா? அங்கே எங்களுக்கு மேலாக நிற்கப் போகிற உணவியல் நிபுணர் யார், அவர் என்ன படித்தவர்? எத்தனை மணித்தியாலம், எந்தெந்த வாட்டில்? இந்தச் சான்றிதழை வைத்துப் போன வருசம் முடித்த பிள்ளைகள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்?

முதல் கேள்விக்கு, "அதெல்லாம் சேர்ந்த பிறகு சொல்லுவோம்" என்று பதில் வந்ததாம். இரண்டாவதுக்கு, "எங்கட லெக்சரர்தான் கூட்டிக்கொண்டு போவார், ஒரு நாள் விசிட்" என்றார்களாம். ஒரு நாள் சுற்றிப் பார்ப்பதும் பயிற்சியும் ஒன்றா? மூன்றாவது கேள்வியைக் கேட்குமுன் "காசு எப்ப கட்டுவீங்க?" என்று அவர்கள் கேட்டுவிட்டார்கள். குறுங்கால வகுப்புகள் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. சாப்பாட்டைப் பற்றி அறிவு வளர்க்க அவை உதவலாம். ஆனால் அதை வைத்து ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சாப்பாடு எழுதலாம் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

பயிற்சிக் காலத்தில் செலவு எப்படி என்றும் கேட்டேன். அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பல இடங்களில் பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது, சில இடங்களில் நாம்தான் கட்ட வேண்டும். தங்குமிடம், சாப்பாடு, பஸ் காசு நம்மதான். ஆறு மாசம் நின்ற காலோடு வேலை, இரவில் உட்கார்ந்து நோயாளிகளின் விபரக் கோவை எழுதுவது. பட்டம் முடிந்ததும் பிள்ளை சம்பாதிக்கும் என்று கணக்குப் போட்டிருக்கும் குடும்பத்துக்கு இது கஷ்டம்தான். படிப்புச் செலவைப் பார்க்கும்போதே இந்த ஆறு மாசத்தையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் ஒழுங்கைப் பிள்ளையின் தகப்பன் வாவியில் மீன் பிடிக்கிறவர். கடைசி ஆறு மாசத்துக்குத்தான் கூடக் கடன் பட்டார்.

அக்காவின் விசயத்தையும் சொல்லி முடிக்கிறேன். மகள் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், மலைக்குப் போகிற நேரத்தையும் சாப்பிடுகிற நேரத்தையும் டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். டாக்டர் குளிசையைக் காலைச் சாப்பாட்டோடு போடும்படி மாற்றிக் கொடுத்தார். தயவுசெய்து யாரும் நீங்களாக மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம், கேட்டுத்தான் செய்ய வேண்டும். இப்போது அக்கா பிரட்டுக்கு முன் பருப்போடு பாதி ரொட்டி சாப்பிடுகிறாள், மீதிப் பாதி பத்து மணிக்கு. சேலை முந்தியில் ஒரு சின்னப் பொட்டலத்தில் மூன்று தேக்கரண்டிச் சீனி முடிந்து வைத்திருக்கிறாள். நடுக்கமும் வேர்வையும் வந்தால் உடனே தண்ணியில் கரைத்துக் குடித்து, கால் மணித்தியாலம் உட்கார்ந்து, சரியாகாவிட்டால் இன்னொரு தரம் குடிக்க வேண்டும். மயங்கிக் கிடக்கிறவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றவோ போடவோ கூடாது. அன்றைக்கு அந்த டொபி தொண்டையில் அடைக்காமல் போனது அக்காவின் அதிர்ஷ்டம். அப்படிக் கிடந்தால் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சங்கிலி அடகுக்குப் போகவில்லை. பரீட்சை முடிவு வந்ததும் கைநூலை வாங்கி வைக்கும்படி பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன். சித்திரைக்குத் தோட்டத்துக்குப் போகும்போது இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.